தோற்ற கையோடு ரீமேட்ச் கேட்கலாமா? அந்தோணி ஜோஷ்வா முன் நிற்கும் கேள்வி

லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் சனிக்கிழமை (செப்டம்பர் 21, 2024) இரவு 96,000 பேர் கூடியிருந்தார்கள். அதில் பெரும்பாலானோர் வந்தது ஒருவரைப் பார்க்கத்தான். அந்தோணி ஜோஷ்வா. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், இரண்டு முறை ஹெவிவெயிட் உலக சாம்பியன். அன்று டேனியல் டுபுவாவை வீழ்த்தியிருந்தால் மூன்றாவது முறையாகவும் சாம்பியன் ஆகியிருப்பார்.

ஆனால் முதல் ரவுண்ட் முடிவதற்குள் டுபுவாவின் வலது கை அவரைக் கீழே தள்ளிவிட்டது. எழுந்தார். அதன்பிறகு அவர் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. மறுபடியும் விழுந்தார், மறுபடியும் எழுந்தார். ஐந்தாவது ரவுண்டில்தான் முதன்முறையாக ஒரு நல்ல வலது கைக் குத்து டுபுவாமீது சரியாக இறங்கியது. டுபுவா தடுமாறினார். அரங்கம் எழுந்து நின்றது. முடித்துவிடலாம் என்று ஜோஷ்வா பாய்ந்தார். அந்தப் பாய்ச்சலில் வாங்கிய வலது கைக் குத்தோடு கதை முடிந்தது. ரவுண்ட் ஆரம்பித்து 59 விநாடிதான் ஆகியிருந்தது. நம்மூரில் விடிகாலைக்கு அலாரம் வைத்து எழுந்தவர்களுக்கு டீ ஆறுவதற்குள் மேட்ச் ஓவர்.

ஜோஷ்வாவுக்கு இது நான்காவது தோல்வி. ஓய்வு பெறப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய புரொமோட்டர் எடி ஹெர்ன் பக்கமிருந்து ரீமேட்ச் பேச்சும் உடனே கிளம்பிவிட்டது. அந்த ஐந்தாவது ரவுண்டில் ஜோஷ்வா ஜெயிக்க ஒரே ஒரு குத்துதான் பாக்கி இருந்தது, இன்னொரு வாய்ப்பு கொடுத்தால் அதைச் செய்துகாட்டுவார் என்கிறார்கள் ரசிகர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடனடி ரீமேட்ச் ஜோஷ்வாவுக்கு நல்லதல்ல என்பதுதான் என் கணிப்பு. அதற்கான காரணத்தைத் தேட டுபுவாவின் வலது கையை ஆராய வேண்டியதில்லை. ஜோஷ்வாவின் பழைய சண்டைகளிலேயே அது இருக்கிறது.

முதலில், ரீமேட்ச் எப்படி நடக்கிறது?

கிரிக்கெட் மாதிரி இங்கே அட்டவணை போடும் ஒரே வாரியம் கிடையாது. யார் யாரோடு மோதுவது என்பது ஒப்பந்தத்தில் முடிவாகும் விஷயம். பெரிய வீரர் ஒருவர் தன் பெல்ட்டையோ பெயரையோ பணயம் வைக்கும்போது, 'ஒருவேளை நான் தோற்றால், அடுத்த சண்டை என்னோடுதான்' என்று ஒரு ஷரத்தை எழுதி வாங்கிக்கொள்வார். அதுதான் ரீமேட்ச் க்ளாஸ். சுருக்கமாகச் சொன்னால், தோல்விக்கு எடுத்துவைக்கும் இன்ஷூரன்ஸ்.

இந்த இன்ஷூரன்ஸ் யாருக்கு லாபம்? வீரருக்கு நிச்சயம் ஒரு பெரிய சம்பளம். புரொமோட்டருக்கு, விளம்பரமே தேவைப்படாத ஒரு சண்டை. டி.வி. நிறுவனத்துக்கும் அப்படியே. இப்போது சவுதி அரேபியாவின் 'ரியாத் சீஸன்' பணமும் இதில் கலந்துவிட்டது. வெம்ப்ளி நிகழ்ச்சியே அவர்கள் போட்ட மேடைதான். இவ்வளவு பேர் லாபம் பார்க்கும் இடத்தில், 'இந்தச் சண்டை இந்த மனிதருக்கு இப்போது நல்லதா?' என்று கேட்கச் சம்பளம் வாங்கும் ஆள் யாரும் இல்லை. பயிற்சியாளர் கேட்கலாம். ஆனால் அவருக்கும் அதே சண்டையிலிருந்துதான் பங்கு வருகிறது.

இந்த ஷரத்தால் வந்த வில்லங்கங்கள் பழையவை. 1964-ல் சோனி லிஸ்டனை வென்ற முகமது அலி உடனே அவரோடு ரீமேட்ச்சுக்கு ஒப்புக்கொண்டதால், டபிள்யூ.பி.ஏ. அமைப்பு அலியின் பட்டத்தையே பறித்தது. 2015 நவம்பரில் விளாடிமிர் கிளிட்ச்கோவை வென்ற டைசன் ஃபியூரிக்கும் அதே கதி. கிளிட்ச்கோவுக்கு ரீமேட்ச் கொடுக்க வேண்டிய ஒப்பந்தம் இருந்ததால், ஐ.பி.எஃப். சொன்ன போட்டியாளரோடு ஃபியூரியால் மோத முடியவில்லை. ஜெயித்து இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த பெல்ட் போய்விட்டது. காலியான அந்த பெல்ட்டை சார்லஸ் மார்ட்டின் என்பவர் வென்றார். 2016 ஏப்ரலில் மார்ட்டினை இரண்டே ரவுண்டில் சாய்த்து அதைப் பறித்துக்கொண்டவர் யார் தெரியுமா? நம்ம ஜோஷ்வாதான். அவருடைய முதல் உலகப் பட்டமே வேறு இருவரின் ரீமேட்ச் ஷரத்து போட்ட பிச்சை என்றுகூடச் சொல்லலாம். 2024 செப்டம்பரில் டுபுவா இடுப்பில் இருந்ததும் அதே ஐ.பி.எஃப். பெல்ட்தான்.

அந்த ஃபியூரி - கிளிட்ச்கோ ரீமேட்ச் என்ன ஆனது? நடக்கவே இல்லை. முதலில் ஃபியூரிக்குக் கணுக்காலில் காயம், பிறகு மனநலப் பிரச்னை. இரண்டு முறை தள்ளிப்போய் ரத்தானது. கையில் இருந்த உரிமைக்காகக் காத்திருந்த கிளிட்ச்கோ, சுமார் ஒன்றரை வருடம் ரிங்கில் ஏறவே இல்லை. பிறகு 41 வயதில் வெம்ப்ளியில் 90,000 பேர் முன்னால் ஏறினார். எதிரில் நின்றது ஜோஷ்வா. 11-வது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். அந்தச் சண்டைக்கும் கிளிட்ச்கோவிடம் ரீமேட்ச் உரிமை இருந்தது. சில மாதம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று ஓய்வை அறிவித்தார். கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

ஒரே மனிதர், இரண்டு ரீமேட்ச்

உடனடி ரீமேட்ச்சைப் பற்றி ஒரே ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், நான் ஃபிளாய்ட் பேட்டர்சனிடம்தான் போவேன். இரண்டு முடிவுகளையும் பார்த்த மனிதர் அவர்.

1959 ஜூன் 26, நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம். உலக சாம்பியன் பேட்டர்சனை ஸ்வீடன் வீரர் இங்கெமார் யோஹான்சன் மூன்றாவது ரவுண்டில் ஏழு முறை கீழே தள்ளினார். ஏழு முறை! அவமானத்தில் பேட்டர்சன் வீட்டைவிட்டு வெளியே வராமல் முடங்கிக் கிடந்தார். ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு தெளிவான விஷயம் இருந்தது. யோஹான்சனிடம் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று, வலது கை. அது வரும் வழியை அடைத்துவிட்டால் போதும். ஒரு வருடம் அதற்கே உழைத்தார். 1960 ஜூன் 20 அன்று ஐந்தாவது ரவுண்டில் பேட்டர்சனின் இடது ஹூக் ஒன்றில் யோஹான்சன் மல்லாந்து விழுந்தார். மயங்கிக் கிடந்தவரின் கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஜெயித்தவரே பயந்துபோனார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்ப வென்ற முதல் மனிதர் பேட்டர்சன்தான். அடுத்த வருடம் நடந்த மூன்றாவது சண்டையிலும் அவரே ஜெயித்தார்.

இதோடு நிறுத்தினால் அழகான சினிமா. ஆனால் 1962 செப்டம்பரில் சோனி லிஸ்டன் வந்தார். பேட்டர்சனைவிட 11 கிலோ கூடுதல் எடை. லிஸ்டனின் கைகளை விரித்து அளந்தால் 213 செ.மீ., பேட்டர்சனுக்கு 180 மட்டும். சிகாகோவில் 2 நிமிடம் 6 விநாடியில் முடிந்தது. முகத்தைக் காட்ட முடியாமல் பேட்டர்சன் ஒட்டுத் தாடி வைத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார். ஒப்பந்தத்தில் ரீமேட்ச் இருந்தது. போன தடவை பலித்ததே, இந்தத் தடவையும் பலிக்கும் என்று பத்தே மாதத்தில் லாஸ் வேகாஸில் மறுபடி ஏறினார். மூன்று முறை விழுந்தார். 2 நிமிடம் 10 விநாடி. பத்து மாத உழைப்பில் கிடைத்தது நான்கு விநாடி.

இரண்டு ரீமேட்ச்சுக்கும் நடுவே பேட்டர்சனின் மன உறுதியோ உழைப்போ குறையவில்லை. வித்தியாசம் தோல்வியின் காரணத்தில் இருந்தது. யோஹான்சனிடம் தோற்றது ஒரு தவறால். தவறைத் திருத்தலாம். லிஸ்டனிடம் தோற்றதற்குக் காரணம் லிஸ்டன் லிஸ்டனாக இருந்ததுதான். அதைத் திருத்த பேட்டர்சனிடம் வழி இல்லை. அதனால் தோற்ற எந்த வீரரும் ரீமேட்ச் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தன்னிடம் கேட்க வேண்டியது, நான் எதனால் தோற்றேன் என்பதைத்தான். 'எனக்கு மனசு தயாரா' என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. 2020 பிப்ரவரியில் ஃபியூரியிடம் ஏழாவது ரவுண்டில் தோற்ற டியான்டே வைல்டர், ரிங்குக்கு வரும்போது போட்டிருந்த பளபள உடையின் எடை தன் கால்களைச் சோர்வாக்கிவிட்டது என்றார். துண்டை வீசித் தன்னைக் காப்பாற்றிய பயிற்சியாளர் மார்க் பிரேலாண்டை வேலையைவிட்டு அனுப்பினார். பிறகு ரீமேட்ச் உரிமையைக் காட்டி மத்தியஸ்தர்வரை போய், 2021-ல் ஃபியூரியும் ஜோஷ்வாவும் மோதுவதாக இருந்த மிகப்பெரிய சண்டையையே கவிழ்த்துவிட்டு மூன்றாவது முறை ஏறினார். வீரத்தில் குறை சொல்ல முடியாது, ஃபியூரியை இரண்டு முறை வீழ்த்தினார். ஆனால் 11-வது ரவுண்டில் விழுந்தது வைல்டர்தான்.

பலித்த கதைகளும் உண்டு

உடனடி ரீமேட்ச் என்றாலே தோல்வி என்று நான் சொல்லவில்லை. லெனாக்ஸ் லூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ஹசீம் ரஹ்மான் என்ற, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத வீரரிடம் ஐந்தாவது ரவுண்டில் நாக்அவுட் ஆனார். காரணம் ஊருக்கே தெரியும். சண்டைக்கு முன் 'ஓஷன்ஸ் லெவன்' ஹாலிவுட் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயரம். மூச்சு வாங்கும். ரஹ்மான் முன்கூட்டியே போய் உடம்பைப் பழக்கிக்கொண்டார். லூயிஸ் கடைசி நேரத்தில் போய் இறங்கினார். மெத்தனம், அவ்வளவுதான்.

ரஹ்மான் ரீமேட்ச் தராமல் நழுவப் பார்த்தபோது லூயிஸ் நியூயார்க்கில் வழக்குப் போட்டு உரிமையை வாங்கினார். நவம்பரில் நான்காவது ரவுண்டில் ரஹ்மானைச் சாய்த்தார். வெயிட்டைக் குறைத்து, ஒழுங்காகப் பயிற்சி எடுத்தாலே சரியாகிவிடும் தோல்வி அது. அதற்கு ஏழு மாதம் தாராளம்.

ஆனால் இதே லூயிஸ் 1994-ல் ஆலிவர் மெக்காலிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தபோது நடந்தது வேறு. அப்போது அவருடைய ஆட்டத்திலேயே ஓட்டை இருந்தது. லூயிஸ் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன்னைத் தோற்கடித்த மெக்காலின் மூலையில் நின்ற பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டையே தனக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். மற்றவர்களோடு மோதி மோதித் தன் ஆட்டத்தைப் புதிதாகக் கட்டினார். மெக்காலோடு மறுபடி மோதியது 1997-ல்தான். அன்று மெக்கால் ரிங்குக்குள்ளேயே அழ ஆரம்பித்து, சண்டை போட மறுத்துவிட்டார் என்பது தனிக்கதை.

இந்தக் காத்திருப்பின் உச்சம் ஜோ லூயிஸ். 1936 ஜூனில் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங், ஜாப் அடித்தபின் ஜோ லூயிஸின் இடது கை தாழ்ந்துவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடைவெளியில் வலது கையை இறக்கி இறக்கியே 12-வது ரவுண்டில் சாய்த்தார். லூயிஸ் இரண்டே மாதத்தில் ரிங்குக்குத் திரும்பினார், ஆனால் ஷ்மெலிங்கோடு அல்ல. இடது கைப் பழக்கத்தை மாற்றினார், வரிசையாக ஜெயித்தார், 1937-ல் உலகப் பட்டத்தையும் வென்றார். 1938 ஜூன் 22 அன்று ஷ்மெலிங் எதிரே நின்றபோது அவர் வேறு ஆள். 124 விநாடியில் முடிந்தது.

நமக்கு ரீமேட்ச் என்றால் 'சார்பட்டா பரம்பரை' ஞாபகம் வரும். கபிலன், வேம்புலியை மறுபடி எதிர்கொள்வதற்கு நடுவே எத்தனை வருடம், எத்தனை சறுக்கல், எவ்வளவு உழைப்பு! கிளைமாக்ஸை ஞாபகம் வைத்திருக்கும் நாம் அந்த இடைவெளியை மறந்துவிடுகிறோம்.

சரி, ஜோஷ்வா எதனால் தோற்றார்?

பேட்டர்சனைப் போலவே ஜோஷ்வாவும் இரண்டு உடனடி ரீமேட்ச் பார்த்தவர். ஒன்றில் ஜெயித்தார், ஒன்றில் தோற்றார்.

2019 ஜூன் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கிய ஜாரெல் மில்லருக்குப் பதில் கடைசி நேரத்தில் வந்த ஆண்டி ரூயிஸ், ஜோஷ்வாவை ஏழாவது ரவுண்டில் முடித்தார். அந்த மூன்றாவது ரவுண்டை யூடியூபில் ஒருமுறை பாருங்கள். முதலில் விழுந்தது ரூயிஸ்தான். எழுந்தவரை முடித்துவிடலாம் என்று ஜோஷ்வா கதவைத் திறந்துபோட்டுப் பாய்ந்தார். ரூயிஸின் இடது ஹூக் நெற்றிப்பொட்டில் இறங்கியது. அதிலிருந்து அவர் மீளவே இல்லை.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? வெம்ப்ளியின் ஐந்தாவது ரவுண்டும் இதேதான். எதிராளிக்கு அடிபட்டதும் ஜோஷ்வாவுக்கு ரத்தம் சூடாகிவிடும். கையைத் தாழ்த்தி, தாடையைத் திறந்து, அப்பர்கட்டோடு உள்ளே போவார். 29 வயதில் செய்த அதே காரியத்தை 34 வயதிலும் செய்திருக்கிறார். ஐந்து வருடத்தில் நான்கு பயிற்சியாளர்கள்: ராப் மெக்கிராக்கன், ராபர்ட் கார்சியா, டெரிக் ஜேம்ஸ், கடைசியாக 2024-ல் பென் டேவிசன். இவ்வளவு பேர் சொல்லிக்கொடுத்தும் போகாத பழக்கம், அடுத்த ஐந்தாறு மாதத்தில் போய்விடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. 'ஒரே ஒரு குத்துதான் பாக்கி' என்று ரசிகர்கள் சொல்லும் அந்தத் தருணம் நம்பிக்கை தருவதற்குப் பதில் எனக்குப் பயத்தைத்தான் தருகிறது.

'ஆனா ரூயிஸை ரீமேட்ச்ல ஜெயிச்சாரே?' ஜெயித்தார். அதே 2019 டிசம்பரில் சவுதி அரேபியாவின் திரியாவில். எப்படி ஜெயித்தார் என்பதுதான் விஷயம். நான்கரை கிலோ எடையைக் குறைத்து, 12 ரவுண்டும் வட்டமடித்து, தூரத்தில் நின்று ஜாப் மட்டும் போட்டு, ஒருமுறைகூட முடிக்கப் பாயாமல் புள்ளிகளில் வென்றார். பழக்கத்தைத் திருத்தவில்லை, அதற்கு வேலையே வராமல் பார்த்துக்கொண்டார். அது பலித்ததற்கு இரண்டு காரணம். ரூயிஸ் ஜோஷ்வாவைவிடச் சுமார் 10 செ.மீ. குட்டை, தூரத்தில் நின்றால் அவரால் எட்ட முடியாது. அதோடு, ஆறு மாதம் வெற்றியைக் கொண்டாடிவிட்டு ரூயிஸ் சுமார் 129 கிலோ எடையில் வந்து நின்றார். முதல் சண்டையைவிட ஏழு கிலோ அதிகம்.

டுபுவாவிடம் இந்த இரண்டும் இல்லை. உயரம் 196 செ.மீ., ஜோஷ்வாவுக்கு 198. தூரத்தில் நின்றாலும் டுபுவாவின் ஜாப் எட்டும். சொல்லப்போனால் சனிக்கிழமை ஜோஷ்வாவைத் தலைகுனிய வைத்ததில் அந்த ஜாப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தச் சண்டையின்போது 27 வயது, எப்போதும் கட்டான உடம்பு. ஜெயித்துவிட்டோம் என்று ஆறு மாதம் சாப்பிட்டுத் திரியும் ஆளாகவும் தெரியவில்லை. 2019 மருந்து இந்த நோய்க்குக் கேட்காது.

இரண்டாவது ரீமேட்ச், ஒலெக்சாண்டர் உசிக். 2021 செப்டம்பரில் லண்டனில் தோல்வி, 2022 ஆகஸ்டில் ஜித்தாவில் மறுபடி தோல்வி. நியாயமாகச் சொன்னால் இரண்டாவது தடவை ஜோஷ்வா நன்றாகவே ஆடினார். மூன்று நடுவர்களில் ஒருவர் அவருக்கே வெற்றி கொடுத்தார். ஆனால் லிஸ்டன் கதைதான் இங்கேயும். உசிக் அவரைவிட நல்ல குத்துச்சண்டை வீரர், அவ்வளவுதான். சண்டை முடிந்ததும் ஜோஷ்வா பெல்ட்டுகளைத் தூக்கி ரிங்குக்கு வெளியே எறிந்ததும், மைக்கைப் பிடுங்கி என்னென்னவோ பேசியதும் நினைவிருக்கலாம். உடனடி ரீமேட்ச்சில் தோற்பது சாதாரணத் தோல்வி இல்லை. முதல் தோல்விக்கு 'அடுத்த தடவை' என்று ஒரு ஆறுதல் இருக்கும். இரண்டாவதுக்கு அது கிடையாது. அதிலிருந்து வெளியே வர ஜோஷ்வாவுக்கு நான்கு சண்டையும் ஒன்றரை வருடமும் ஆனது. பிராங்க்ளின், ஹெலினியஸ், வாலின் என்று மெதுவாக ஏறி, 2024 மார்ச்சில் நகானுவை இரண்டாவது ரவுண்டில் சாய்த்தபிறகுதான் பழைய ஜோஷ்வா வந்துவிட்டார் என்று எல்லோரும் எழுத ஆரம்பித்தோம்.

டுபுவா வந்த வழி

இதில் வேடிக்கை என்னவென்றால், காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டுபுவாவைவிட நல்ல உதாரணம் இப்போது இல்லை.

2020 நவம்பரில் ஜோ ஜாய்ஸோடு மோதியபோது பத்தாவது ரவுண்டில் டுபுவா ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, நடுவர் பத்து எண்ணும்வரை எழவில்லை. கண்குழி எலும்பு உடைந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் 'பயந்தவன்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. முன்னாள் வீரர்களே டி.வி.யில் உட்கார்ந்து அவரைக் கிழித்தார்கள். ஜாய்ஸோடு உடனே மோதி அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும் என்று அவசரப்பட்டிருக்கலாம். அவர் போகவில்லை. அடுத்த வருடம் சிறிய சண்டையில் திரும்பி வந்தார். 2023 ஆகஸ்டில் போலந்தில் உசிக்கிடம் ஒன்பதாவது ரவுண்டில் தோற்றார். அதற்கு முன் ஐந்தாவது ரவுண்டில் டுபுவா அடித்த ஒரு குத்து பெல்ட்டுக்குக் கீழே பட்டதா இல்லையா என்று பெரிய சர்ச்சை. அவர் தரப்பு முறையிட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. உடனே இன்னொரு உசிக் சண்டை கிடைக்காததுதான் டுபுவாவுக்கு நடந்த நல்ல விஷயம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் அடுத்து வந்தது ஜாரெல் மில்லர். 2023 டிசம்பர் 23, ரியாத். ஜோஷ்வா வாலினை வென்ற அதே இரவு, அதே மேடை. பத்தாவது ரவுண்டுவரை அடி வாங்கியும் நின்று, கடைசி விநாடிகளில் மில்லரை முடித்தார். 'அழுத்தம் வந்தால் உட்கார்ந்துவிடுவான்' என்ற பேச்சுக்கு முதல் பதில். 2024 ஜூனில் குரோஷியாவின் ஃபிலிப் ஹர்கோவிச். ஆரம்பத்தில் நல்ல அடி வாங்கினார், பின்வாங்கவில்லை, எட்டாவது ரவுண்டில் நிறுத்தவைத்தார். உசிக் ஐ.பி.எஃப். பெல்ட்டை விட்டுக்கொடுத்ததும் சாம்பியன் ஆனார். வெம்ப்ளியில் ஐந்தாவது ரவுண்டில் ஜோஷ்வாவின் வலது கையை வாங்கியபோது பழைய டுபுவாவாக இருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. இந்த டுபுவா தடுமாறினாலும் திருப்பி அடித்தார். அதை அவர் கற்றது மில்லர், ஹர்கோவிச் இருவரிடமும் வாங்கிய அடியில்.

மறுபக்கம்: வயது

ரீமேட்ச் வேண்டும் என்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. டுபுவா காத்திருந்தார் என்றால் அவருக்கு 20-களில் வயது. ஜோ லூயிஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றபோது 22. ஜோஷ்வாவுக்கு 2024 அக்டோபர் 15 வந்தால் 35. அவருக்கு மூன்று வருடத் திட்டமெல்லாம் போட முடியாது. டுபுவாவும் நின்று காத்திருக்க மாட்டார், உசிக்கையோ ஃபியூரியையோ தேடிப் போவார். இப்போது விட்டால் அந்தக் கதவு திறக்காமலே போகலாம். எல்லாம் உண்மை.

ஆனால் வயது இரண்டு பக்கமும் வெட்டும். சனிக்கிழமை ஜோஷ்வா வாங்கியது ஒரு குத்து இல்லை. முதல் ரவுண்டிலிருந்தே தலையில் அடி, விழுந்து எழுந்து மறுபடி அடி. கடைசியில் முகம் தரையில் பட விழுந்து, எழ முயன்று, முடியாமல்போன நாக்அவுட். இதற்குப் பிறகு கட்டாய ஓய்வுக் காலம் என்று ஒன்று விதிக்கப்படும். அது முடிந்தால் ரிங்கில் ஏற அனுமதி கிடைக்கலாம். மூளை முழுசாக ஆறிவிட்டது என்பதற்கான சான்றிதழ் அல்ல அது. அடுத்த பிப்ரவரி, மார்ச்சில் சண்டை என்றால் டிசம்பரில் பயிற்சி முகாம் தொடங்க வேண்டும். அதாவது இன்னும் இரண்டரை மாதத்தில் டுபுவா மாதிரி உயரம், டுபுவா மாதிரி வலது கை உள்ள ஆட்களைத் தேடிப் பிடித்து, வாரக்கணக்கில் அவர்களோடு ஸ்பாரிங். ரசிகர்கள் எண்ணுவது சண்டை இரவின் குத்துகளை மட்டும். வீரரின் தலை ஜிம்மில் வாங்கியதையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருக்கிறது.

பணம்? ஜோஷ்வாவுக்கு அது இப்போது பிரச்னையே இல்லை. புரொமோட்டருக்கும் வேறு வழி இருக்கிறது. எட்டு, ஒன்பது வருடமாக பிரிட்டன் கேட்டுக்கொண்டிருக்கும் ஃபியூரி - ஜோஷ்வா சண்டை இன்னும் நடக்கவில்லை. இத்தனை தோல்விக்குப் பிறகும் அந்தச் சண்டைக்கு டிக்கெட் விற்கும். ஆனால் டுபுவாவிடம் இன்னொரு முறை ஐந்தாவது ரவுண்டுக்குள் விழுந்தால் அதுவும் போச்சு. உடனடி ரீமேட்ச் என்பது மீதமிருக்கும் எல்லாச் சீட்டையும் ஒரே ஆட்டத்தில் வைப்பது. அதுவும் ரொம்பச் சாதகமில்லாத ஆட்டத்தில்.

என்னைக் கேட்டால், ஜோஷ்வா இந்த வருடம் முழுக்க ரிங் பக்கமே வரக்கூடாது. அடுத்த கோடையில் டுபுவா அளவுக்கு வலது கை இல்லாத, ஆனால் தாக்குப்பிடிக்கும் ஓர் ஆளோடு ஒரு சண்டை. அதில் ஜெயிப்பதைவிட, அடிபட்ட எதிராளி முன்னால் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பாய்கிறாரா, ஜாப் போட்டு நிற்கிறாரா? நின்றால் அப்புறம் டுபுவா பற்றிப் பேசலாம். மறுபடி பாய்ந்தால் ஃபியூரி சண்டையோடு முடித்துக்கொள்வது நல்லது.

அந்த ஃபியூரியும் 2024 செப்டம்பரில் இதே பரீட்சையில்தான் இருந்தார். மே மாதம் ரியாத்தில் உசிக்கிடம் தோற்றது அவருக்கு வாழ்க்கையின் முதல் தோல்வி. 2024 டிசம்பர் 21 அன்று அதே ஊரில் அதே ஆளோடு உடனடி ரீமேட்ச். அவர் தோற்றால் ஜோஷ்வாவோடு மோத அவருக்கும் அவசரம் வரும். ஜெயித்தால் டுபுவாவே ஃபியூரியைத் தேடி வருவார், ஜோஷ்வா வரிசையில் நிற்க வேண்டியதுதான். எது நடந்தாலும் ரீமேட்ச் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஜோஷ்வா அந்த இரவுவரையாவது பொறுக்கலாம். அன்று அவருக்கு 35 முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும்.